வட்டமாக உட்கார்ந்து பேசிக் கற்ற வரலாறு



தோட்டப்புறத்தில் வாழ்ந்த நம்மில் பலருக்குப் பழக்கமான காட்சி ஒன்றை முதலில் நினைவுபடுத்திக் கொள்வோம். இரவு ஏழரை மணி. பள்ளிக்கூடத்திலோ கோயில் மண்டபத்திலோ ஒரு கூட்டம். வந்திருப்பவர்கள் விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போய், பகலெல்லாம் உழைத்து, குளித்துச் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள். முன்னால் ஒருவர் நின்று பேசுகிறார். பேசுகிறவர் நல்லவர், பேசும் விஷயமும் நல்ல விஷயம்தான். ஆனால் கால் மணி நேரம் கழியுமுன் பின்வரிசையில் ஒரு தலை சாய்கிறது. அரை மணியில் நான்கைந்து தலைகள். கடைசியில், “யாருக்காவது சந்தேகம் உண்டா?” என்று பேச்சாளர் கேட்கிறார். எப்போதும் எழுந்து பேசும் அதே இரண்டு பேர் எழுந்து பேசுகிறார்கள். கூட்டம் கலைகிறது.

பிறகு என்ன நடக்கிறது? டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு லயத்துக்குத் திரும்பும் வழியில் இரண்டு பேராக, மூன்று பேராக நடக்கிறார்களே, அப்போதுதான் பேச்சே தொடங்குகிறது. “அவர் சொன்னாரே, அது நமக்கு எப்படிப் பொருந்தும்?” என்று ஒருவர் கேட்பார். “எங்க அக்கா வீட்டுல இப்படித்தான் ஆச்சு,” என்று மற்றவர் சொல்வார். மண்டபத்தில் வாயே திறக்காத பெண்மணி அந்தப் பாதையில் மூச்சு விடாமல் பேசுவார். கற்றல் நடந்தது மண்டபத்தில் அல்ல, வழியில்.

அந்த வழிநடைப் பேச்சை மண்டபத்துக்கு உள்ளேயே கொண்டுவர முடியாதா என்று உலகின் பல மூலைகளில் பலர் யோசித்திருக்கிறார்கள். கூட்டத்தைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, கொஞ்ச நேரம் பேசவிட்டு, முறை மாற்றி, இடம் மாற்றிக் கற்பிக்கும் வழி அப்படித்தான் பிறந்தது. அதன் வரலாற்றை இன்று பார்ப்போம்.

கதையின் ஓர் இழை நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. 1789ஆம் ஆண்டு சென்னை எழும்பூரில், படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் நடந்தது. அதன் மேற்பார்வையை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகுவதை அவர் கண்டார். தம் இல்லத்திலும் அப்படிச் செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. பெல் என்ன செய்தார்? ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்துவிட்டார். பெரியவர்களால் ஆகாது என்ற காரியத்தை அந்தப் பையன் செய்து காட்டினான். 1797இல் பெல் இதை லண்டனில் நூலாக வெளியிட்டார். பிறகு அந்த முறைக்கு ‘மதராஸ் முறை’ என்றே பெயர் வந்தது. நம் ஊர்ச் சட்டாம்பிள்ளை கப்பலேறி இங்கிலாந்துக்குப் போன கதை இது!

மலாயாத் தோட்டங்களிலும் இதன் நிழல் இருந்தது. ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பள்ளி வந்தது, ஆனால் பல இடங்களில் எல்லா வகுப்புக்கும் ஆசிரியர் ஒருவர்தான். பெரிய வகுப்புப் பிள்ளை சின்ன வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்ததை நம் மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மதராஸ் முறையில் பேச்சு இல்லை. சட்டாம்பிள்ளை சொல்வான், மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். ஒரு பெரிய வாத்தியாருக்குப் பதிலாகப் பத்துச் சின்ன வாத்தியார்கள், அவ்வளவே. மனிதர் மனிதரைக் கேட்டுக் கற்கும் முறைக்கு வேறு ஊருக்குப் போக வேண்டும்.

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரத்துக்குப் போவோம். ஆண்டு 1727. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் அப்போது பெரிய மனிதரல்லர். இருபத்தொரு வயது அச்சுத் தொழிலாளி. தம் போன்ற உழைப்பாளிகளைச் சேர்த்து ‘ஜுண்டோ’ என்று ஒரு சங்கம் அமைத்தார். கண்ணாடிப் பலகை பொருத்துகிறவர் ஒருவர், செருப்புத் தைத்தவர் ஒருவர், தச்சர் ஒருவர், பத்திரம் எழுதுகிறவர் ஒருவர் அதில் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை மாலைதோறும் கூடினார்கள். ஒவ்வோர் உறுப்பினரும் தம் முறை வரும்போது ஒரு கேள்வியைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாமே எழுதிய ஒரு கட்டுரையைப் படிக்க வேண்டும். யாரும் தலைவர் பேசட்டும் என்று சாய்ந்து உட்கார முடியாது.

இன்னொரு விதி நமக்கு மிகவும் பிடித்தது. “நான் சொல்வதுதான் சரி” என்று அடித்துப் பேசினாலோ, மற்றவர் சொன்னதை முகத்துக்கு நேரே மறுத்தாலோ சிறு அபராதம் கட்ட வேண்டும். நம் ஊர்க் கூட்டங்களில் இந்த அபராதத்தை வசூலித்திருந்தால் பல கோயில்களுக்குக் கோபுரமே கட்டியிருக்கலாம்! ஒவ்வொரு கூட்டத்திலும் இருபத்துநான்கு கேள்விகள் வாசிக்கப்படும். ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவே ஒரு கிண்ணம் திராட்சை மது ஊற்றிக் குடிக்கும் அளவுக்கு இடைவெளி விட வேண்டும் என்பதும் விதி. நம் கூட்டங்களுக்கு மதுவை நாம் சிபாரிசு செய்யவில்லை. ஒரு மடக்குக் கோப்பி போதும். ஆனால் அந்த இடைவெளியைக் கவனிக்க வேண்டும். ஒரு பேச்சு முடிந்து மற்றொன்று தொடங்குமுன் மனத்துக்கு மூச்சுவிட நேரம் வேண்டும் என்று அந்த இளைஞர்கள் அறிந்திருந்தார்கள்.

தங்களிடம் இருந்த புத்தகங்களை ஒன்றாகச் சேர்த்துப் படித்த அந்தக் கூட்டத்திலிருந்தே 1731இல் சந்தா கட்டிப் படிக்கும் ஒரு நூலகம் உருவானது. உலகப் புகழ் பெற்ற நூலகமாக அது வளர்ந்தது.

மது என்றதும் நேர் எதிரான ஒரு சங்கம் நினைவுக்கு வருகிறது. சுவீடன் நாட்டு லுண்ட் நகரில் மதுவிலக்குச் சங்கத்தைச் சேர்ந்த ஆஸ்கர் ஓல்சன் 1902இல் ‘படிப்பு வட்டம்’ என்ற ஒன்றைத் தொடங்கினார். குடியை விட்டவனுக்கு மாலை நேரம் என்று ஒன்று புதிதாகக் கிடைக்கிறது. அதை எதனால் நிரப்புவது? கள்ளுக்கடையைக் கண்ட நமக்கு இந்தக் கேள்வியின் கனம் புரியும். ஓல்சனின் விடை எளியது. ஒரு சிறு கூட்டம், சில புத்தகங்கள், வழிநடத்த அவர்களுள் ஒருவர். பேராசிரியர் வேண்டியதில்லை. புத்தகம் கைமாறிக் கைமாறிப் போகும்; படித்ததைப் பேசுவார்கள்; முடிந்ததும் அந்தப் புத்தகங்கள் சங்கத்தின் நூலகத்தில் சேரும். 1912இல் அந்நாட்டுத் தொழிலாளர் இயக்கமும் தன் கல்விச் சங்கத்தை அமைத்து இந்த வட்ட முறையைக் கைக்கொண்டது.

இனி நாம் சற்று நின்று பார்க்க வேண்டிய இடம் கனடா. ஏனென்றால் அங்கே வட்டப் பேச்சும் வானொலியும் கைகோத்தன.

கனடாவின் விவசாயக் குடும்பங்கள் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் வாழ்ந்தவை. பனிக்காலம் வந்தால் மாதக்கணக்கில் வயல்வேலை இல்லை, பாதையெல்லாம் பனி. 1941இல் அந்நாட்டு ஒலிபரப்புக் கழகமும், முதியோர் கல்விச் சங்கமும், விவசாயிகள் சம்மேளனமும் சேர்ந்து ‘பண்ணை வானொலி மன்றம்’ என்ற நிகழ்ச்சியைத் தொடங்கின. நவம்பர் முதல் மார்ச் வரை, திங்கட்கிழமை இரவுகளில், அரை மணி நேர ஒலிபரப்பு. அது மட்டுமென்றால் சாதாரண நிகழ்ச்சிதான். புதுமை மற்றதில் இருந்தது.

ஒலிபரப்புக்கு முன்பே அந்த வார விஷயம் பற்றிய அச்சுத்தாள் அஞ்சலில் வந்துவிடும். திங்கள் இரவு அக்கம்பக்கத்தார் ஒரு வீட்டில் கூடுவார்கள். இந்த வாரம் ஒரு வீடு என்றால் அடுத்த வாரம் வேறு வீடு. எல்லாரும் சேர்ந்து கேட்பார்கள். கேட்டு முடித்ததும் வானொலிப் பெட்டியை நிறுத்திவிட்டு, தாளில் கொடுத்திருக்கும் கேள்விகளைப் பேசுவார்கள். செயலாளர் ஒருவர் அவர்கள் முடிவை எழுதி மாகாண அலுவலகத்துக்கு அனுப்புவார். பிறகு சீட்டாட்டம், காப்பி, பலகாரம். அடுத்த ஒலிபரப்பின் கடைசி நிமிடங்களில் எந்தெந்த மன்றம் என்ன சொன்னது என்று வானொலி திருப்பிச் சொல்லும். “படி, கேள், பேசு, செய்” என்பது அவர்கள் முழக்கம்.

யோசித்துப் பாருங்கள். பனியில் புதைந்த ஒரு வீட்டுச் சமையலறையில் ஒரு கிழவி சொன்ன சொல், அடுத்த வாரம் நாடு முழுவதும் கேட்கிறது! அதுவரை பேசும் வாயாக மட்டும் இருந்த வானொலிக்குக் காது முளைத்தது. 1949ஆம் ஆண்டு வாக்கில் ஏறக்குறைய 1,600 மன்றங்கள் இப்படிக் கூடின. தொலைக்காட்சி வந்து, பண்ணைகள் குறைந்து, 1965இல் நிகழ்ச்சி நின்றது. ஆனால் அதற்குள் அதன் செய்தி இந்தியாவுக்குப் போய்விட்டது.

1956ஆம் ஆண்டு. ஐக்கிய நாடுகளின் கல்வி அமைப்பான யுனெஸ்கோவும் அகில இந்திய வானொலியும் சேர்ந்து பூனா வட்டாரத்தில் ஒரு சோதனை நடத்தின. ஐந்து மாவட்டங்களில் சுமார் 150 சிற்றூர்கள். ஊருக்கு ஒரு மன்றம், அதில் ஏறக்குறைய இருபது பேர், ஒரு தலைவர், ஒரு செயலாளர். வாரத்துக்கு இரண்டு நாள், பத்து வாரம், ஆக இருபது நிகழ்ச்சிகள். எல்லாம் மராத்தி மொழியில். வேளாண்மை, சுகாதாரம் போன்ற ஊர்க் காரியங்கள் பற்றியவை. கேட்டு முடித்ததும் பேச வேண்டும். பேசியதில் எழுந்த கேள்விகளை நிலையத்துக்கு எழுத வேண்டும். நிலையம் பதில் சொல்ல வேண்டும்.

இதன் பலனை அளக்கும் பொறுப்பு பம்பாய் டாட்டா சமூக அறிவியல் கல்லூரிக்கு வந்தது. அங்கே அப்போது வந்திருந்த பால் நியூராத் என்ற அறிஞர் அதை ஏற்றார். வியன்னாவில் பிறந்தவர், நாஜிகளின் சிறை முகாம்களில் கிடந்து மீண்டவர். ஒருவர் பேச மற்றவர் வாய்மூடிக் கிடக்கும் நாடு எப்படியிருக்கும் என்பதை உடலால் அறிந்தவர் அவர். அந்த மனிதர் மராட்டியக் கிராமத்துத் திண்ணைகளில் பேச்சை அளக்க வந்ததை நினைத்தால் மனம் நெகிழ்கிறது.

அவர் மூன்று வகை ஊர்களை ஒப்பிட்டார். மன்றம் உள்ள ஊர். வானொலிப் பெட்டி உண்டு, மன்றம் இல்லை என்ற ஊர். வானொலியே இல்லாத ஊர். சோதனைக்கு முன்னும் பின்னும் மக்களிடம் அதே கேள்விகளைக் கேட்டார்கள். மன்றம் இருந்த ஊர்களில் மக்களின் அறிவு வெகுவாக உயர்ந்திருந்தது. மன்றம் இல்லாத ஊர்களில், வானொலிப் பெட்டி இருந்தும், மிகச் சொற்பமே உயர்ந்திருந்தது.

வானொலியில் பேசும் நமக்கு இது கொஞ்சம் உறைக்கும் செய்திதான். பெட்டி பேசினால் மட்டும் போதாது, அதைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் பேச வேண்டும் என்று அந்தக் கணக்குச் சொல்கிறது. இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு, அல்லது அச்சில் படித்துவிட்டு, நீங்கள் பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்றால் இதில் பாதி வீண் என்றே பொருள்.

அந்தச் சோதனையில் இன்னொன்றும் தெரிய வந்தது. கேட்பதற்காகக் கூடிய மன்றங்கள் மெல்ல மெல்ல முடிவெடுக்கும் மன்றங்களாக மாறின. பேசிப் பழகியவர்கள் சும்மா இருப்பார்களா? 1959இல் மன்றத் திட்டம் இந்தியா முழுமைக்கும் விரிவாக்கப்பட்டது. தமிழ்நாட்டில் திருச்சி வானொலி நிலையத்தின் பண்ணை ஒலிபரப்பைத் தஞ்சை விவசாயிகள் ஆர்வமாகக் கேட்டார்கள். 1960களின் நடுவில் ஆடுதுறை 27 என்ற புது நெல்லை வானொலி வழியே அறிந்துகொண்ட அவர்கள் அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? ‘ரேடியோ நெல்’!

இதுவரை நாம் பார்த்தவை எல்லாம் இருபது பேருக்கு உட்பட்ட கூட்டங்கள். அறுபது பேர், நூறு பேர் வந்துவிட்டால்? இதற்கு ஒரு சுலபமான யுக்தி சொன்னவர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலக் கல்லூரியில் இருந்த டொனால்ட் ஃபிலிப்ஸ். 1940களில் அவர் பரப்பிய முறைக்கு ‘66’ என்று பெயர். ஆறு பேர், ஆறு நிமிடம். மண்டபத்தில் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் அல்லவா? முன்வரிசையில் மூன்று பேர் நாற்காலியைத் திருப்பிப் பின்வரிசை மூன்று பேரைப் பார்த்து உட்கார வேண்டும். ஆறு பேர் வட்டம் தயார். ஒரே ஒரு கேள்வி. ஆறு நிமிடம் பேசு. பிறகு குழுவுக்கு ஒருவர் எழுந்து சொல்ல வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அறுபது பேர் உள்ள கூட்டத்தில் எல்லாரும் ஆளுக்கு ஒரு நிமிடம் பேச வேண்டுமானால் முழுதாக ஒரு மணி நேரம் ஆகும்; அதில் ஒவ்வொருவரும் ஐம்பத்தொன்பது நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். ஆறு ஆறு பேராகப் பிரித்துவிட்டால் அதே அறுபது பேரும் ஆளுக்கு ஒரு நிமிடம் பேச ஆறே நிமிடம் போதும். கூட்டமே தேனடை போல ரீங்காரமிடும். ஆங்கிலத்தில் இதற்கு ‘பஸ்’ குழு என்று பெயர் வந்தது அந்த ரீங்காரத்தால்தான். போக்குவரத்து பஸ் அல்ல!

இந்த முறை வெறும் தூக்கம் விரட்டும் யுக்தி என்று எண்ணிவிடக் கூடாது. அது எதைத் தீர்க்க வல்லது என்பதை டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரப் பள்ளிகள் 1971இல் காட்டின.

அதுவரை வெள்ளைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி என்று பிரிந்திருந்த ஊர் அது. பிரிவை நீக்கி எல்லாரையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்தார்கள். மெக்சிக்கோ வம்சாவளிப் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். உட்கார வைத்தால் போதுமா? பகையும் கைகலப்பும் வந்தன. எலியட் ஆரன்சன் என்ற உளவியல் பேராசிரியரை உதவிக்கு அழைத்தார்கள். அவரும் மாணவர்களும் வகுப்பறையின் பின்னால் உட்கார்ந்து கவனித்தார்கள். ஆசிரியர் கேள்வி கேட்கிறார். பத்துப் பிள்ளைகள் கையை ஆட்டி ஆட்டி உயர்த்துகிறார்கள். ஒருவரை அழைத்ததும் மற்ற ஒன்பது முகமும் வாடுகின்றன. கை உயர்த்தாத பிள்ளைகள் தலையைக் குனிந்து, ஆசிரியர் தம்மைப் பார்த்துவிடக் கூடாதே என்று இருக்கிறார்கள். இப்படி ஒருவரை ஒருவர் தோற்கடிக்கும் இடத்தில் எப்படிச் சினேகம் வளரும் என்று அவர் யோசித்தார்.

அவர் செய்தது இது. ஒரு பாடத்தை ஆறு துண்டாக வெட்டினார். ஆறு பிள்ளைகள் கொண்ட குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு. மற்ற ஐந்து துண்டுகளை அவரவர் வாயால் கேட்டுத்தான் அறிய வேண்டும். வேறு வழி கிடையாது. ஆனால் நேராகச் சொல்லச் சொல்லவில்லை. முதலில் எல்லாக் குழுவிலிருந்தும் ஒரே துண்டை வைத்திருப்பவர்கள் எழுந்து ஒன்றாகக் கூடுவார்கள். தங்கள் துண்டை எப்படிச் சொன்னால் புரியும் என்று சிறிது நேரம் பேசிப் பழகிக்கொள்வார்கள். பிறகு தத்தம் குழுவுக்குத் திரும்பிச் சொல்வார்கள். துண்டுகளைச் சேர்த்துப் படமாக்கும் பிள்ளை விளையாட்டு உண்டல்லவா, அதன் பெயரையே வைத்து ‘ஜிக்ஸா’ வகுப்பு என்றார்கள்.

ஒரு வகுப்பில் ஜோசப் புலிட்சர் என்ற பத்திரிகையாளரின் வாழ்க்கை பாடம். கார்லோஸ் என்று பெயர் மாற்றிச் சொல்லப்படும் மெக்சிக்கோ வம்சாவளிச் சிறுவனுக்குப் புலிட்சரின் இளமைப் பருவம் கிடைத்தது. வீட்டில் ஸ்பானிய மொழி, ஆங்கிலம் திக்கும். அவன் தடுமாற, மற்ற பிள்ளைகள் கேலி செய்தார்கள். மேற்பார்வையாளர் வந்து அதட்டவில்லை. கேலி செய்ய விரும்பினால் செய்யலாம், ஆனால் புலிட்சரின் இளமைப் பருவம் தெரியாமல் போகும், தேர்வோ சற்று நேரத்தில் இருக்கிறது என்ற பொருள்பட நினைவூட்டினார். அவ்வளவுதான். சில நாட்களில் அந்தப் பிள்ளைகள் கேலியை விட்டு, கார்லோஸிடமிருந்து விஷயத்தை வெளியே கொண்டுவரும் கேள்விகளைக் கேட்கப் பழகினார்கள். கேட்கக் கேட்க அவனும் தெளிவாகச் சொன்னான். அவன் தாங்கள் நினைத்ததைப் போல மந்தமானவன் இல்லை என்று கண்டுகொண்டார்கள்.

வேறு மொழி பேசும் வகுப்புக்கு முதல் நாள் போன நம் பிள்ளைகளை நினைத்துப் பார்த்தால், கார்லோஸ் நமக்கு அந்நியன் அல்ல. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை முதலிடத்தில் இருந்து, பிறகு மலாய்மொழி இடைநிலைப்பள்ளியில் பின்வரிசைக்குப் போய் வாய்மூடி உட்கார்ந்த பிள்ளைகள் எத்தனை பேர்! அறிவு குறைந்ததா? இல்லை, பேசுவதற்கு முறை வரவில்லை. ஆஸ்டினில் சிறுபான்மைப் பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண் உயர்ந்தது; வெள்ளைப் பிள்ளைகளின் மதிப்பெண் குறையவும் இல்லை. 1978இல் ஆரன்சனும் உடன் உழைத்தவர்களும் இதையெல்லாம் நூலாக எழுதினார்கள்.

கடைசியாக ஒரு மழைக்காலக் கதை. 1995 ஜனவரி. கலிஃபோர்னியாவில் மில் வேலி என்ற ஊரில் ஹுவானிட்டா பிரவுன், டேவிட் ஐசக்ஸ் என்ற இருவரின் வீட்டில் ஒரு கலந்துரையாடல். முறைப்படி வட்டமாக உட்கார்ந்து பேசுவது திட்டம். காலையில் கொட்டும் மழை. வெளியே நிற்க இடமில்லை. வந்தவர்கள் நனையாமல் காப்பி குடிக்கட்டும் என்று உள்ளே சிறு மேசைகளைப் போட்டு, மேலே வெள்ளைத் தாளை விரித்து வைத்தார்கள். வந்தவர்கள் நாலைந்து பேராக உட்கார்ந்து பேசத் தொடங்கி, மேசைத்தாளிலேயே கிறுக்கவும் தொடங்கிவிட்டார்கள். கூட்டத்தைத் தொடங்கலாம் என்று கூப்பிட மனம் வரவில்லை. சற்று நேரம் கழித்து ஒருவர் சொன்னார்: மற்ற மேசைகளில் என்ன பேசுகிறார்கள் என்று அறிய ஆசையாக இருக்கிறது, மேசைக்கு ஒருவர் இருக்கட்டும், மற்றவர்கள் எழுந்து வேறு மேசைக்குப் போவோமே! போனார்கள். இருந்தவர் வந்தவர்களுக்குத் தாளைக் காட்டி, முன்பு நடந்த பேச்சைச் சொன்னார். இப்படிப் பல சுற்று. உலகத்தின் பல நாடுகளில் இன்று ‘உலகக் காப்பிக்கடை’ என்ற பெயரில் பின்பற்றப்படும் முறை இந்த மழையில் பிறந்ததுதான்.

இடம் மாற்றிப் பேசுவதில் என்ன சிறப்பு என்று கேட்கலாம். நேரம் குறைவாக இருப்பதால் யாரும் நீண்ட பிரசங்கம் செய்ய முடியாது. முதல் மேசையில் தட்டுத்தடுமாறிச் சொன்ன கருத்தை இரண்டாம் மேசையில் சொல்லும்போது வாய் கொஞ்சம் தெளிகிறது; மூன்றாம் மேசையில் சொல்லும்போது சொந்தக் கருத்தாகவே ஆகிவிடுகிறது. அறுபது பேர் முன் எழுந்து நிற்கக் கூசும் பெண்மணி நான்கு பேரிடம் பேசக் கூச மாட்டார். எழுந்து நடப்பதால் தூக்கமும் போகிறது. பகலெல்லாம் உழைத்த உடம்புக்கு அது சின்ன விஷயமல்ல.

ஆனால் இரண்டு எச்சரிக்கை சொல்லாமல் விட முடியாது. கிராணியாரும் தண்டலும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் அந்த மேசையில் அவர்கள் மட்டுமே பேசுவார்கள். மற்றவர்கள் “ஆமாங்க” என்பார்கள். பெரியவர்களைத் தனித்தனி மேசையில் பிரித்து வைக்க வேண்டும். முடிந்தால் கடைசியில் பேசச் சொல்ல வேண்டும். இரண்டாவது, பேச்சு தானாக அறிவைத் தராது. கனடாவில் அச்சுத்தாள் இருந்தது. பூனாவில் அரை மணி ஒலிபரப்பு இருந்தது. ஆஸ்டினில் எழுதிய துண்டு இருந்தது. கையில் ஒன்றும் இல்லாமல் ஆறு பேர் பேசினால் ஒருவர் தவறை ஆறு பேரும் பகிர்ந்துகொண்டு போவார்கள். இந்த முறையைப் புகழ்கிறவர்கள் இதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

நம் குடும்பங்களுக்குப் பொருந்த ஓர் எடுத்துக்காட்டைச் சொல்லி முடிப்போம். ஊழியர் சேமநிதி 1951இல் ஏற்பட்டது. அதில் பணம் கட்டியவர்கள் இல்லாத தோட்டக் குடும்பம் அரிது. ஆனால் அறிக்கைத் தாளைப் படிக்கத் தெரியாமல் பெட்டியில் போட்டு வைத்தவர்கள் உண்டு. வாரிசாக யார் பெயரையும் குறிக்காமல் இறந்துவிட்டால், பணத்தைப் பெறக் குடும்பம் கூடுதலான பத்திரங்களோடு அலைய வேண்டியிருக்கும். இதை விளக்க ஒரு மாலை, பதினாறு பேர் என்று வைத்துக்கொள்வோம். நான்கு மேசை. மேசைக்கு ஒரு கேள்வி: அறிக்கையை எப்படிப் படிப்பது? முதலாளி ஒழுங்காகக் கட்டினாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வாரிசுப் பெயரை எப்படிக் குறிப்பது? எப்போது, எதற்காகப் பணத்தை எடுக்கலாம்? மேசைமேல் அந்தக் கேள்விக்குரிய உண்மையான தாள் ஒன்றும், எழுதுவதற்கு வெள்ளைத்தாள் ஒன்றும் இருக்கட்டும்.

ஒவ்வொரு மேசையிலும் எழுதத் தெரிந்த ஒரு பள்ளிப் பிள்ளையை உட்கார வையுங்கள். பிள்ளைக்கு எழுத்து தெரியும். பெரியவர்களுக்கு நடந்த கதை தெரியும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கோயில் மணியை ஒரு தட்டுத் தட்டினால், பிள்ளை இருந்த இடத்தில் இருக்கும், பெரியவர்கள் அடுத்த மேசைக்கு நகர்வார்கள். புதிதாக வந்தவர்களுக்கு முதல் ஒரு நிமிடம் பிள்ளை தாளைப் படித்துக் காட்டும். நான்கு சுற்று, நாற்பது நிமிடம். நடுவே கோப்பி.

முடிவில் நான்கு தாளிலும் விடை கிடைக்காத கேள்விகள் சில மிஞ்சும். அவற்றைத் தனித்தாளில் எழுதி, அடுத்த நாள் காலையில் சேமநிதி அலுவலகத்துக்குக் கொண்டுபோகச் சம்மதிக்கும் ஒருவரின் பெயரைக் கூட்டம் கலையுமுன் குறித்துக்கொள்ளுங்கள்.